பிக்-அப்பும் டாப் ஸ்பீடும்: கோச் இல்லாமல் 100 மீட்டர் ஓடுகிறவர்களுக்கு

இரண்டு வருஷம் என் 100 மீட்டர் நேரம் 13.1 நொடியை விட்டு நகரவே இல்லை. உழைப்பு போதவில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, வாரத்தில் ஐந்து நாள் 200 மீட்டரை ஆறு தடவை, நடுவில் ஒரே ஒரு நிமிஷம் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடினேன். கடைசி ஓட்டம் முடிந்து டிராக் ஓரத்தில் குனிந்து நின்று வாந்தி எடுத்த நாட்களில்தான் இன்றைக்கு நல்ல பிராக்டிஸ் என்ற திருப்தியே வரும். அப்புறம் ஓட்டத்தின் அளவைப் பாதிக்குக் கீழே குறைத்தேன், ஓய்வைப் பல மடங்கு கூட்டினேன், அடுத்த சீசனில் 12.4 வந்தது. ஸ்டாப்வாட்சில் எடுத்த நேரம்தான், அதில் உள்ள கோளாறைப் பின்னால் சொல்கிறேன்.

பள்ளி, கல்லூரியோடு ஓட்டத்தை விட்டுவிட்டு மறுபடி வந்தவர்கள், வேறு ஏதோ விளையாட்டு ஆடிக்கொண்டே வேகம் கூட்ட நினைப்பவர்கள், கோச் கிடைக்காமல் தனியாகப் பழகுகிறவர்கள், இவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். ஏற்கெனவே 11 நொடிக்குள் ஓடுகிறவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. ரொம்ப நாள் உடற்பயிற்சியே இல்லாமல் இருந்தவர்கள், இதயத்திலோ ரத்த அழுத்தத்திலோ பிரச்சினை உள்ளவர்கள் முதலில் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். முழு வேகத்தில் ஓடுவது ஜாகிங் மாதிரி இல்லை.

களைத்த காலுக்கு வேகம் ஏறாது

முழு வேகத்தில் ஓடும்போது தசை முதலில் செலவழிப்பது உள்ளேயே சேர்த்து வைத்திருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட்டை. அந்தச் சரக்கு சில நொடிகளில் தீர ஆரம்பித்துவிடும், திரும்ப நிரம்பப் பல நிமிஷம் ஆகும். நரம்பு மண்டலமும் அப்படித்தான், அது ஓய்ந்திருக்கும்போதுதான் தசை நார்களை ஒரே சமயத்தில் முழுசாக உசுப்ப முடியும். ஒரு நிமிஷ ஓய்வில் அடுத்த ஓட்டத்தைத் தொடங்கினால் நீங்கள் பழகுவது 85 சதவீத வேகத்தை. உடம்பு எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறதோ அதில்தான் தேறும். நான் இரண்டு வருஷம் மூச்சிரைக்க மெதுவாக ஓடுவதில் நன்றாகத் தேறியிருந்தேன்!

நான் இப்போது வைத்திருக்கும் கணக்கு, ஸ்ப்ரிண்ட் கோச்சுகள் பலரும் சொல்வதுதான்: ஓடிய ஒவ்வொரு 10 மீட்டருக்கும் குறைந்தது ஒரு நிமிஷ ஓய்வு. 30 மீட்டர் ஓடினால் மூன்று நிமிஷம், 60 மீட்டர் ஓடினால் ஆறு நிமிஷம். முதல் வாரம் இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். நான்கு நொடி ஓடிவிட்டு மூன்று நிமிஷம் சும்மா நடந்துகொண்டிருப்பதைப் பார்த்து அக்கம்பக்கத்தில் ஓடுகிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மொத்தமாக ஒரு நாளைக்கு 200 முதல் 300 மீட்டர் முழு வேக ஓட்டம் போதும், இதை வாரத்தில் இரண்டு நாள், மிஞ்சிப்போனால் மூன்று நாள், இடையில் 48 மணி நேரமாவது இடைவெளி விட்டுச் செய்யுங்கள். இதற்கு மேல் ஓடத் தோன்றினால் முன்னால் ஓடியதை முழு வேகத்தில் ஓடவில்லை என்று அர்த்தம்.

எப்போது நிறுத்துவது என்பதற்கும் ஒரு அளவுகோல் வேண்டும். அன்றைய சிறந்த நேரத்தைவிட மூன்று சதவீதத்துக்கு மேல் நேரம் கூடினால் அன்றைக்கு மூட்டை கட்டிவிடலாம். 30 மீட்டரை 4.50-இல் ஓடியவர் 4.65 தொட்டால் முடிந்தது கதை. இன்னும் இரண்டு ஓட்டம் பாக்கி இருக்கிறதே என்று நோட்டுப் புத்தகத்தைப் பார்க்க வேண்டாம்.

100 மீட்டருக்குள் என்ன நடக்கிறது

2009-இல் பெர்லினில் உசைன் போல்ட் 9.58 ஓடினாரே, அந்த ஓட்டத்தை 20 மீட்டர் துண்டுகளாக அளந்து வைத்திருக்கிறார்கள். முதல் 20 மீட்டருக்கு 2.89 நொடி, துப்பாக்கிச் சத்தத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட 0.146 நொடியும் அதில் அடக்கம். அப்புறம் 1.75, 1.67, 1.61, கடைசி 20 மீட்டருக்கு 1.66. கடைசி இரண்டு எண்களைக் கவனியுங்கள். உலகத்திலேயே வேகமாக ஓடிய மனிதரும் 80 மீட்டருக்கு அப்புறம் மெதுவாகத்தான் ஆகிறார். கடைசியில் பாய்ந்து முந்துகிற மாதிரி நம் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் மற்றவர்கள் அதைவிட அதிகமாக மெதுவாவதால்தான்.

போல்ட் 60 மீட்டர் தாண்டியும் வேகம் கூட்டிக்கொண்டே போகிறார், நம்மைப் போன்றவர்களுக்கு 30, 40 மீட்டரிலேயே டாப் ஸ்பீடு வந்துவிடும். மீதி 60 மீட்டரும் அந்த வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கும் ஓட்டம். அதனால் வேலை இரண்டு பக்கம் இருக்கிறது, பைக்கில் சொல்வோமே அந்த பிக்-அப், அதாவது முடுக்கம், அப்புறம் உச்ச வேகம். பிக்-அப் மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு 2024 பாரிஸ் ஒலிம்பிக் இறுதி ஓட்டமே சாட்சி: நோவா லைல்ஸ் 30 மீட்டரில் கடைசி ஆளாக இருந்தார், கோட்டைத் தொடும்போது 9.784, இரண்டாவது வந்த கிஷேன் தாம்சன் 9.789. ஆனால் தனியாகப் பழகும் அமெச்சூருக்கு முதலில் பலன் தருவது பிக்-அப்தான். முறை தெரியாமல் நாம் அதிகம் வீணாக்குவது அந்த முதல் 30 மீட்டரில். காயமும் அங்கே குறைவு.

பிக்-அப்: நிலத்தைப் பின்னால் தள்ளுவது

வேகமாகத் தொடங்க வேண்டும் என்றதும் எல்லாரும் செய்வது காலைப் படபடவென்று மாற்றுவது. நானும் அப்படித்தான் செய்தேன், முதல் ஐந்து அடியும் தையல் மிஷின் ஊசி மாதிரி ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருக்கும். நின்ற நிலையில் இருந்து உடம்பை நகர்த்த வேண்டுமென்றால் நிலத்தைப் பின்னோக்கித் தள்ள வேண்டும், தள்ளுவதற்கு நேரம் வேண்டும். முதல் அடிகளில் பாதம் தரையில் இருக்கும் நேரம் டாப் ஸ்பீடில் இருப்பதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதை அவசரப்பட்டுச் சுருக்கினால் தள்ளுகிற வேலை பாதியில் நின்றுவிடும்.

நிறுத்திவைத்த காரைத் தள்ளும்போது எப்படி நிற்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். உடம்பு முன்னால் சாய்ந்திருக்கும், பாதம் இடுப்புக்குப் பின்னால் ஊன்றியிருக்கும், தலையில் இருந்து குதிகால் வரை ஒரே கோடு. கார் நகர ஆரம்பித்த பிறகு தானாக நிமிர்வீர்கள். முதல் 30 மீட்டரும் அதேதான். முதல் அடி விழும்போது பாதம் இடுப்புக்குக் கீழேயோ கொஞ்சம் பின்னாலோ விழ வேண்டும், கீழ்க்கால் முன்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். முழங்காலுக்கு முன்னால் பாதத்தை நீட்டி வைத்தால் அது பிரேக். மண் தரையில் ஓடுகிறவர்களுக்கு ஒரு வசதி: ஓடி முடித்துத் திரும்பி வந்து உங்கள் தடத்தைப் பாருங்கள். நன்றாகத் தள்ளிய அடியில் முன்பாதத்தின் குழி மட்டும் இருக்கும், மண் பின்பக்கமாகச் சிதறியிருக்கும். குதிகால் அச்சோடு முழுப் பாதமும் பதிந்திருந்தால், அல்லது முன்பக்கம் வழுக்கின கீறல் தெரிந்தால், அந்த அடியில் வண்டியைப் பிடித்து இழுத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு அடிக்கும் இடையிலுள்ள தூரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போகிறதா என்றும் பாருங்கள். என் தடத்தில் இரண்டாவது அடி நீளமாகவும் மூன்றாவது அதைவிடக் குட்டையாகவும் இருந்தது, அதாவது இரண்டாவது அடியில் காலை முன்னால் எறிந்து தடுமாறி, மூன்றாவதில் சமாளித்திருக்கிறேன். இதை எந்த வீடியோவும் பார்க்காமல் மண்ணிலேயே படித்துக்கொண்டேன்.

தாழ்வாகவே ஓட வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, இடுப்பை மடக்கி, முகவாயை நெஞ்சில் ஒட்டிவைத்து ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். சாய்வு கணுக்காலில் இருந்து வர வேண்டும், இடுப்பில் இருந்து இல்லை. இடுப்பு மடங்கினால் கால் மேலே வர இடமில்லை. எவ்வளவு சாய முடியும் என்பது எவ்வளவு தள்ள முடியும் என்பதைப் பொறுத்தது, பலம் குறைந்த உடம்பு போல்ட்டின் கோணத்தை நகல் எடுத்தால் முகம் மண்ணில் படும். சீக்கிரம் நிமிர்ந்துவிடுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், தள்ளுவதைப் பற்றிக் கவலைப்படுங்கள், நிமிர்வது தன் நேரத்துக்குத் தானாக நடக்கும்.

கையையும் மறக்காதீர்கள். முதல் அடியில் ஒரு கை நெற்றிக்கு முன்னால் வரையும் இன்னொரு கை இடுப்புக்குப் பின்னால் நன்றாகவும் விரிய வேண்டும். முழங்கையைப் பின்னால் ஓங்கி அடியுங்கள், முன்னால் வருவதைத் தோள் பார்த்துக்கொள்ளும்.

பயிற்சியை எப்படித் தொடங்குவது? ஸ்டார்டிங் பிளாக் (தொடக்கத்தில் காலை ஊன்றித் தள்ளும் கட்டை) வேண்டாம், குறைந்தது மூன்று மாதம் அதைத் தொடவே தொடாதீர்கள். நின்ற நிலையில் ஒரு காலை முன்னால் வைத்து, உடம்பை முன்னால் சாய்த்துக்கொண்டே போய், விழப்போகிற கணத்தில் ஓடுங்கள். தள்ளும் கோணம் எது என்பதை உடம்புக்கு இதைவிட எளிதாகச் சொல்லித்தர எனக்கு வேறு வழி தெரியவில்லை. 10 மீட்டர் நான்கு தடவை, 20 மீட்டர் நான்கு தடவை, 30 மீட்டர் மூன்று தடவை, ஆரம்பத்தில் அவ்வளவுதான். ஒரு மாதம் கழித்து ஒரு கையைத் தரையில் ஊன்றித் தொடங்குங்கள்.

லேசான மேடு கிடைத்தால் விடாதீர்கள். செங்குத்தான மேடு வேண்டாம், நடக்கும்போது மேடு என்று தெரிந்தால் போதும். மேட்டில் 20, 25 மீட்டர் ஓடும்போது காலை நீட்டி பிரேக் போடவே முடியாது, நிலமே மேலே வந்து பாதத்தைச் சந்தித்துவிடும், தொடையின் பின்தசையான ஹாம்ஸ்ட்ரிங்குக்கும் சுமை குறைவு. தப்பான பழக்கத்தோடு வருகிறவர்களுக்கு நான் முதல் மாதம் முழுக்க மேட்டு ஓட்டம்தான் சொல்வேன். ஸ்லெட் (பாரம் ஏற்றிய சறுக்கு வண்டி) இழுப்பது, பழைய டயரைக் கட்டி இழுப்பது எல்லாம் நல்லதுதான், ஆனால் முழங்கால் மடங்கிப் போகிற அளவுக்குப் பாரம் ஏற்றிவிட்டு அதை ஸ்ப்ரிண்ட் என்று சொல்லாதீர்கள்.

டாப் ஸ்பீடு: தரையை அடிப்பது

இங்கே கதை மாறுகிறது. நிமிர்ந்த பிறகு தள்ள நேரமில்லை, பாதம் தரையில் இருப்பது பத்தில் ஒரு பங்கு நொடி, பெரிய வீரர்களுக்கு அதைவிடவும் குறைவு. அந்த நேரத்துக்குள் உடல் எடையைப்போல் பல மடங்கு விசையைத் தரைக்குக் கொடுத்து மேலே எழும்ப வேண்டும். 2000-இல் ஓட்டத்தின் இயக்கத்தை ஆராயும் விஞ்ஞானி பீட்டர் வேயண்டும் அவர் குழுவும் வெளியிட்ட ஆய்வு எனக்கு இந்த விஷயத்தில் கண்ணைத் திறந்தது. வேகமாக ஓடுகிறவர்களும் மெதுவாக ஓடுகிறவர்களும் காற்றில் காலை முன்னால் கொண்டுவர எடுக்கும் நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, வித்தியாசம் தரையை எவ்வளவு பலமாக அடிக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. காலை வேகமாகச் சுழற்றுவதுதான் வேகம் என்று நினைத்து நான் எத்தனை மாதம் நின்ற இடத்திலேயே காலை உதறிக்கொண்டிருந்தேன் என்று கேட்காதீர்கள்.

அப்படியானால் பழக வேண்டியது இதுதான்: முழங்கால் மேலே வர வேண்டும், அங்கிருந்து காலை நேரே கீழே, உடம்புக்குக் கிட்டத்தில், சுத்தியல் அடிக்கிற மாதிரி இறக்க வேண்டும். கணுக்கால் விறைப்பாக இருக்க வேண்டும், கால் விரல்கள் கீழே தொங்கக் கூடாது. கணுக்கால் தளர்ந்திருந்தால் குதிகால் கீழே அமுங்கும், காற்றுப் போன பந்து மாதிரி விசையெல்லாம் அங்கேயே தீர்ந்துவிடும். காது கொடுத்துக் கேட்டாலே தெரியும். நல்ல அடி 'டப்' என்று குட்டையாகக் கேட்கும், தளர்ந்த அடி 'தொப்' என்று இழுத்துக் கேட்கும். யாராவது ஓடும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள்.

கால் பின்பக்கம் ரொம்ப நேரம் சுற்றிக்கொண்டிருப்பது அமெச்சூர்கள் எல்லாருக்கும் பொதுவான குறை. தரையை விட்ட பாதம் பிட்டத்துக்குப் பின்னால் நீளமாக வட்டம் போட்டுவிட்டு வந்தால் அடுத்த அடிக்கு முழங்கால் மேலே வர நேரமிருக்காது, பாதம் உடம்புக்கு முன்னால் தூரமாக விழும். இதைத் திருத்த ஏ-ஸ்கிப் (முழங்காலை உயர்த்தித் துள்ளிக்கொண்டே போவது), ஏ-ரன் (அதையே ஓட்டமாகச் செய்வது) மாதிரியான டிரில்கள் உண்டு, வார்ம் அப்பில் செய்யுங்கள். ஆனால் டிரில்லை வைத்தே வேகம் வந்துவிடாது. அரை மணி நேரம் அழகாக ஸ்கிப் செய்துவிட்டு ஓட்டத்தில் பழையபடியே ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டாப் ஸ்பீடுக்கான உண்மையான பயிற்சி பிளையிங் ரன். 25 அல்லது 30 மீட்டர் மெல்ல மெல்ல வேகம் ஏற்றிக்கொண்டு வாருங்கள், அப்புறம் இரண்டு அடையாளங்களுக்கு நடுவே 10 மீட்டர் முழு வேகம், தாண்டியதும் பிரேக் அடிக்காமல் தானாக மெதுவாகுங்கள். இரண்டு மாதம் கழித்து அந்த 10 மீட்டரை 20 ஆக்குங்கள். ஒரு நாளைக்கு நான்கு, ஐந்து தடவை போதும், நடுவில் ஐந்தாறு நிமிஷ ஓய்வு.

முழு வேகப் பகுதிக்குள் நுழையும்போது மனசு 'இன்னும் முயற்சி செய்' என்று சொல்லும், கேட்காதீர்கள். பல்லைக் கடித்தால் கழுத்து இறுகும், கழுத்து இறுகினால் தோள் ஏறும், தோள் ஏறினால் கை குறுகும், கை குறுகினால் அடி குறுகும். பெரிய ஓட்டங்களின் ஸ்லோ மோஷனில் வீரர்களின் கன்னச் சதை குலுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். முகத்தை அப்படி விட்டுவிட வேண்டும். நான் 95 சதவீதம்தான் ஓடினேன் என்று நினைத்த ஓட்டம்தான் பலமுறை என் சிறந்த நேரமாக இருந்திருக்கிறது.

ஹாம்ஸ்ட்ரிங்

தொடையின் பின்தசையைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும், நம்மில் பலருடைய சீசன் அங்கேதான் முடிகிறது. அது பெரும்பாலும் கிழிவது பாதம் தரையில் தொடும் முன், கால் முன்னால் வீசி நீண்டிருக்கும் கணத்தில். தசை நீண்டுகொண்டே கீழ்க்காலை பிரேக் பிடித்து நிறுத்த வேண்டிய கட்டம் அது. முன்னால் எட்டி அடி வைக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

எனக்கு நடந்தது ஒரு குளிர்ந்த சாயங்காலம். பிராக்டிஸ் நாளே இல்லை. நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து சும்மா ஒரு ரேஸ் என்றார்கள், வார்ம் அப் இல்லை, காலில் ஜீன்ஸ். 50 மீட்டரில் யாரோ பின்னாலிருந்து தொடையில் கல்லால் எறிந்த மாதிரி இருந்தது, திரும்பிக்கூடப் பார்த்தேன், யாருமில்லை. மறுநாள் முழங்காலுக்குப் பின்னால் வரை கத்திரிக்காய் நிறம். ஏழு வாரம் ஓடவில்லை. அன்றிலிருந்து வார்ம் அப் இல்லாமல் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடுவதில்லை.

வார்ம் அப்புக்கு 25 நிமிஷமாவது ஒதுக்குங்கள்: ஐந்து நிமிஷம் மெதுவான ஓட்டம், காலை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் வீசுவது, நடந்துகொண்டே செய்யும் லஞ்ச் (ஒரு காலை முன்னால் எட்டி வைத்து இடுப்பைத் தாழ்த்துவது), டிரில்கள், கடைசியில் 40 மீட்டரை 70, 80, 90 சதவீத வேகத்தில் ஒவ்வொரு தடவை. காலை நீட்டி ஒரே நிலையில் ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் பிடித்துவைக்கும் ஸ்ட்ரெச்சிங்கை ஓட்டத்துக்கு முன்னால் செய்யாதீர்கள், அது தசையின் வெடிப்பைக் கொஞ்சம் மந்தமாக்கிவிடும். ஓட்டம் முடிந்தபின் வேண்டுமானால் செய்துகொள்ளலாம்.

வாரத்தில் இரண்டு முறை நார்டிக் கர்ல் செய்யுங்கள். முட்டி போட்டு நின்று, குதிகாலை யாராவது பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்து மெல்ல மெல்ல முன்னால் இறங்குவது. ஐந்து தடவை, இரண்டு செட்டில் ஆரம்பியுங்கள், மறுநாள் வலிக்கும், அதனால் ஸ்ப்ரிண்ட் நாளுக்கு முதல் நாள் வேண்டாம். புதிதாக வருகிறவர்கள் முதல் நான்கு வாரம் 90 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். தசை இழுத்துப் பிடிக்கிற மாதிரி லேசாகத் தோன்றினாலும் அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது, இன்னும் ஒன்றே ஒன்று என்று ஓடுகிற அந்த ஓட்டத்தில்தான் கிழியும்.

ஜிம்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்குவாட், டெட்லிஃப்ட், ஹிப் த்ரஸ்ட் (முதுகைப் பெஞ்சில் சாய்த்து, எடையோடு இடுப்பை மேலே உயர்த்துவது), ஒற்றைக் காலில் கெண்டைக்கால் உயர்த்துவது, இவை போதும். முறை சரியாக வந்த பிறகு கனமான எடையில் மூன்று முதல் ஐந்து தடவை, மூன்று செட். செட்டுக்கு இருபது தடவை தூக்கிக் காலை எரியவிடுவது நம் வேலை இல்லை. கூடவே குதிக்கும் பயிற்சி வேண்டும்: முழங்காலை மடக்காமல் கணுக்காலில் மட்டும் துள்ளுவது, நின்ற இடத்தில் இருந்து நீளம் தாண்டுவது, கொஞ்ச மாதம் போனதும் பவுண்டிங், அதாவது கால் மாற்றி நீளமாகத் தாவிக்கொண்டே போவது. எடையில் சாதனை படைப்பதில் ருசி கண்டு ஓட்டத்தை மறந்தவர்கள் உண்டு. ஸ்ப்ரிண்ட் நாளன்றே ஓட்டம் முடிந்த பிறகு எடை தூக்கிவிட்டால் மறுநாள் முழுசாக ஓய்வு கிடைக்கும்.

என் வாரம் எப்படி இருக்கும் என்று கேட்டால்: திங்கள் பிக்-அப், அது முடிந்ததும் எடை. செவ்வாய் நடை, அவ்வளவுதான். புதன் புல்தரையில் 100 மீட்டரை 65, 70 சதவீதத்தில் எட்டு தடவை, பேசிக்கொண்டே ஓடக்கூடிய அளவில். வியாழன் ஒன்றுமில்லை. வெள்ளி பிளையிங் ரன், மறுபடி எடை. சனி, ஞாயிறு வீட்டு வேலை. போட்டிக்கு ஆறு வாரம் இருக்கும்போது வெள்ளிக்கிழமைகளில் ஒன்று விட்டு ஒன்றை 80 மீட்டர் மூன்று தடவை என்று மாற்றுவேன், எட்டு நிமிஷ ஓய்வோடு. ஒவ்வொரு நான்காவது வாரமும் எல்லாவற்றையும் பாதியாக்கிவிடுவேன். பல சமயம் புது நேரம் வருவது அந்தச் சோம்பேறி வாரத்துக்கு அடுத்த திங்களில்தான். தூக்கம் கெட்ட நாளில் முழு வேகம் வைத்துக்கொள்வதே இல்லை.

அளக்காமல் ஓடினால் தெரியாது

ஸ்டாப்வாட்ச் பொய் சொல்லும். கையால் எடுத்த 100 மீட்டர் நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 0.24 கூட்டிக்கொள்வது வழக்கம், ஆகவே என் 12.4 உண்மையில் 12.6 பக்கம். பின்காற்று வீசினால் இன்னொரு பொய். நொடிக்கு 2.0 மீட்டருக்கு மேல் பின்காற்று இருந்தால் சாதனைக் கணக்கில் சேர்க்கவே மாட்டார்கள்.

செல்போனின் ஸ்லோ மோஷன் இதற்கு நல்ல மருந்து. நொடிக்கு 240 பிரேம் எடுக்கும் போன் என்றால் ஒரு பிரேம் என்பது சுமார் 0.004 நொடி. பிளையிங் ரன்னில் இரண்டு குச்சிகளை நட்டு, போனைக் கொஞ்சம் தள்ளி நடுவில் ஸ்டாண்டில் வைத்து, இடுப்பு முதல் குச்சியைத் தாண்டும் பிரேமில் இருந்து இரண்டாவது குச்சி வரை எண்ணி 240-ஆல் வகுத்தால் நேரம் வந்துவிடும். நடுவில் நிற்கும் போன் குச்சிகளைச் சாய்வாகத்தான் பார்க்கும், அதனால் குச்சிகளை ஓடும் கோட்டுக்கு ஒட்டியே நடுங்கள், ஒவ்வொரு தடவையும் போனை அதே இடத்தில் வையுங்கள். என் 20 மீட்டர் முதலில் 2.34 வந்தது, ஒரு வருஷத்தில் 2.20. அதாவது மணிக்கு 30.8 கிலோமீட்டரில் இருந்து 32.7. போல்ட்டின் 1.61 என்பது மணிக்கு 44.7 கிலோமீட்டர், சரி, அந்தப் பக்கம் பார்க்க வேண்டாம்.

நின்ற நிலையில் இருந்து 30 மீட்டர் ஒன்று, பிளையிங் 20 மீட்டர் ஒன்று, இந்த இரண்டை மட்டும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை அளந்து எழுதுங்கள். முதல் எண் குறைந்து இரண்டாவது நகரவில்லை என்றால் பிளையிங் ரன்னுக்கு நேரம் ஒதுக்குங்கள், தலைகீழாக இருந்தால் மேட்டுக்குப் போங்கள். பக்கவாட்டில் இருந்து முதல் ஐந்து மீட்டரையும் வீடியோ எடுத்துவையுங்கள்.

போட்டி வரும்போது

இப்போது பிளாக் எடுக்கலாம். ஆரம்ப அளவு: கோட்டில் இருந்து இரண்டு பாத நீளத்தில் முன் பிளாக், மூன்று பாத நீளத்தில் பின் பிளாக். 'செட்' நிலையில் இடுப்பு தோளைவிடக் கொஞ்சம் மேலே, முன் முழங்கால் கிட்டத்தட்ட 90 டிகிரி, பின் முழங்கால் 120, 130 டிகிரி. பிறகு உங்கள் உடம்புக்கு ஏற்றபடி ஒரு சென்டிமீட்டர், இரண்டு சென்டிமீட்டராக நகர்த்திப் பாருங்கள். இரண்டு காலாலும் பிளாக்கைத் தள்ளுங்கள், பின் காலைச் சும்மா தூக்கிவிடுகிறவர்கள்தான் அதிகம். 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தாமஸ் பர்க் இப்படிக் கையூன்றிக் குனிந்து தொடங்கித்தான் 12.0 நொடியில் முதலாவதாக வந்தார், அதுவும் பிளாக் இல்லாமல். அமெச்சூருக்கு எட்டாத நேரம் இல்லை அது.

ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி வைத்த ஷூ) போட்டால் கெண்டைக்காலுக்கும் குதிகால் தசைநாணுக்கும் சுமை ஏறும், போட்டி அன்று முதல்முறையாகப் போடாதீர்கள், ஒரு மாதம் முன்பே ஒவ்வொரு பயிற்சியிலும் இரண்டு ஓட்டத்துக்கு மட்டும் போட்டுப் பழகுங்கள்.

துப்பாக்கிச் சத்தத்தை ஊகித்துப் பாயாதீர்கள். மின்னணுக் கருவி உள்ள போட்டிகளில் சத்தத்துக்கு 0.1 நொடிக்குள் நகர்ந்தாலே தவறான தொடக்கம், வெளியே அனுப்பிவிடுவார்கள். பக்கத்து லேனில் இருப்பவர் 20 மீட்டரில் முன்னால் போனால் போகட்டும், அவரைப் பார்த்து நீங்கள் சீக்கிரம் நிமிர்ந்தால் இரண்டு பேருக்கும் சேர்த்து அவரே ஜெயித்துவிடுவார். 70 மீட்டருக்கு அப்புறம் கால் கனக்கும், அப்போது அடியை நீட்டி எட்டிப் பிடிக்கத் தோன்றும். நீட்ட வேண்டாம், முழங்காலை மேலே வைத்துக்கொண்டு கையை அடித்துக்கொண்டே இருங்கள். கோட்டில் கணக்கு நெஞ்சுக்குத்தான், தலைக்கோ கைக்கோ இல்லை, அதனால் கடைசி அடியில் மட்டும் நெஞ்சைக் குனிந்து கொடுத்தால் போதும். இரண்டு மீட்டர் முன்பே குனிந்து விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கோடு 110 மீட்டரில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஓடித் தாண்டுங்கள், அப்புறம் மெல்ல நில்லுங்கள், சட்டென்று நின்றால் ஹாம்ஸ்ட்ரிங் அங்கேயும் காத்துக்கொண்டிருக்கும்.